நினைவுப் பதிப்புத் துப்பாக்கிகள்: தேர்ந்தெடுக்கவும் சோதிக்கவும் காக்கவும் ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் வயோமிங் மாநிலம் உருவாகி 75 ஆண்டுகள் நிறைவதை முன்னிட்டு, 1964இல் வின்செஸ்டர் நிறுவனம் தன் மாடல் 94 கார்பைன்களில் (குழல் குட்டையான நீள்துப்பாக்கிகளில்) ஏறக்குறைய 1,500ஐ மட்டும் தனியாக அலங்கரித்து விற்றது. இரண்டே ஆண்டுகளில், அந்த நிறுவனத்தின் நூற்றாண்டை ஒட்டி வெளிவந்த ‘சென்டெனியல் 66’ ஒரு லட்சத்தைத் தாண்டியது. நினைவுப் பதிப்புத் துப்பாக்கிகளைச் சேர்க்க விரும்புகிறவர், பொன்முலாமையும் வெல்வெட் பெட்டியையும் பார்த்து மயங்குவதற்கு முன்னால், இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சற்று யோசித்துப் பார்ப்பது நல்லது. ‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’ என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதால் மட்டும் ஒரு பொருள் அரிதாகிவிடாது. எந்த எண்ணிக்கையில் வரையறுத்தார்கள் என்பதே கேள்வி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் துப்பாக்கிகள் பெரும்பாலும் நல்ல முதலீடு அல்ல. ஆனால், எதை நினைவுகூர்கின்றனவோ அதன்மீது உண்மையான ஈடுபாடு உள்ளவருக்கு இவை மிக நல்ல சேகரிப்பு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு வாங்குகிறவர் அநேகமாக ஏமாறுவதில்லை.

முதலீட்டுக் கணக்கு ஏன் பொய்த்தது என்பதற்குச் சென்டெனியல் 66 தெளிவான சான்று. 1966இல் அதன் அறிமுக விலை 125 டாலர். பணவீக்கத்தைக் கணக்கில் கொண்டால் அந்தத் தொகை இன்று 1,200 டாலர் அளவுக்கு வரும். பெட்டி பிரிக்கப்படாமல், ஒரு தோட்டாவும் சுடப்படாமல் இருக்கும் துப்பாக்கிகள்கூடப் பல நேரங்களில் அந்தத் தொகையைத் தொடாமலே கைமாறுகின்றன. காரணம் எளிது. சாதாரண மாடல் 94ஐ வாங்கியவர்கள் மான் வேட்டைக்கு எடுத்துப்போய், மழையில் நனைத்து, கீறி, தேய்த்துவிட்டார்கள். அதனால் பழைய துப்பாக்கி ஒன்று புதுக்கருக்கு அழியாமல் கிடைப்பதே அபூர்வம் என்றாகி, அதற்கு விலையும் ஏறியது. நினைவுப் பதிப்பை வாங்கியவர்களோ, விலை ஏறும் என்ற நம்பிக்கையில், எல்லோருமே அதை அலமாரியில் பூட்டிவைத்தார்கள். எல்லோரும் பாதுகாத்த பொருள் எல்லோரிடமும் நல்ல நிலையிலேயே இருக்கிறது. 1967இல் வந்த கனடிய நூற்றாண்டுப் பதிப்பும் 1968இல், ‘வைல்ட் வெஸ்ட்’ காட்சிகளால் புகழ்பெற்ற பஃபலோ பில்லின் நினைவாக வந்த பதிப்பும் பெரும் எண்ணிக்கையில் வந்தவையே. அவற்றின் கதையும் இதுதான்.

அப்படியிருந்தும் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஏன் இவற்றைத் தேடுகிறார்கள்? மாடல் 94 எழுபது லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டது. அமெரிக்காவின் எத்தனையோ குடும்பங்களில் அது தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கும் வந்த வேட்டைத் துப்பாக்கி. கையில் பழகிய அந்தக் கருவியே பொன்னும் நிக்கலும் பூண்டு, தான் பிறந்த மாநிலத்தின் பெயரைத் தாங்கி வரும்போது ஏற்படும் ஈர்ப்பு அதன் விலையைச் சார்ந்ததல்ல. தவிர, வரிசை எண், தொடரின் உறுப்புகள், விடுபட்டதைத் தேடி நிரப்பும் ஆவல் என்று எந்தச் சேகரிப்புக்கும் உரிய சுகங்களும் இதில் உண்டு. அஞ்சல்தலை சேகரிப்பவர் தன் அஞ்சல்தலையை உறையில் ஒட்டி அனுப்பிவிட்டால் அது போய்விடும். துப்பாக்கி சேகரிப்பவரோ, மனமிருந்தால், தன் பொருளை ஒரு முறை இயக்கிப் பார்த்துவிட்டுத் துடைத்து வைத்துக்கொள்ளலாம். வேலை செய்யக்கூடிய ஓர் இயந்திரம் வரலாற்றுச் சின்னமாகவும் இருக்கிறது என்பதுதான் இந்தத் துறையின் தனிச்சுவை என்று நினைக்கிறேன்.

எதை வாங்குவது

நினைவுப் பதிப்பு என்ற பெயரில் விற்கப்படுபவை எல்லாம் ஒரே வகை அல்ல. துப்பாக்கி நிறுவனமே திட்டமிட்டு, தனி வரிசை எண்களோடு தொழிற்சாலையிலிருந்து வெளியிட்டவை ஒரு வகை. கோல்ட் நிறுவனம் 1961இல் இலினாய் மாநிலத்து ஜெனிசியோ ஊரின் 125ஆம் ஆண்டுக்காக வெளியிட்ட 104 சிறு டெரிஞ்சர் கைத்துப்பாக்கிகளிலிருந்து இந்த வழக்கம் அந்த நிறுவனத்தில் தொடங்கியது. அதன் பிறகு நெவாடா, மொன்டானா, அரிசோனா என்று மாநில, பிரதேச நூற்றாண்டுகளுக்கெல்லாம் .22 ஃபிரன்டியர் ஸ்கவுட்டும் .45 சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியும் என்ற ரிவால்வர்கள் (.22, .45 என்பவை அங்குலத்தில் குழல் அளவு) அலங்காரத்தோடு வந்துகொண்டே இருந்தன. இரண்டாவது வகை, நிறுவனத்தின் சாதாரணத் துப்பாக்கியை வெளியாள் ஒருவர் வாங்கி, பொன்முலாம் பூசி, படம் பொறித்து, சான்றிதழ் சேர்த்து அஞ்சல் வழியாக விற்பது. இவற்றில் சில கண்ணுக்கு நிறைவானவைதான். ஆனால் பூச்சுக்கும் பெட்டிக்கும் முதலில் கொடுத்த கூடுதல் பணம் மறுவிற்பனையில் திரும்பி வருவது கடினம். மூன்றாவது, நீர்ப்பறவைகளின் வாழிடங்களைக் காக்கும் டக்ஸ் அன்லிமிடெட் போன்ற அமைப்புகள் நிதி திரட்டும் விருந்துகளில் ஏலம் விடுவதற்காகச் செய்விப்பவை. நான்காவதாக, மாநிலக் காவல் துறைகள் தம் ஆண்டு விழாக்களுக்காகச் செய்வித்த ரிவால்வர்கள். இந்தக் கடைசி வகையை அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஆனால் எண்ணிக்கை உண்மையிலேயே சிறியது, அந்தத் துறையில் பணியாற்றியவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் தேடி வாங்குவார்கள் என்ற இரண்டு காரணங்களால், புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

இவை எதிலும் சேராத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்க விடுதலையின் 200ஆம் ஆண்டான 1976இல் ரூகர் நிறுவனம் தான் செய்த துப்பாக்கிகளின் குழலில் அந்த ஆண்டைக் குறிக்கும் வாசகம் ஒன்றைப் பொறித்தது. அது அந்த ஆண்டின் வழக்கமான உற்பத்தி மீதான ஒரு முத்திரை மட்டுமே. அதைச் சிறப்புப் பதிப்பு என்று சொல்லி யாராவது இருமடங்கு விலை கேட்டால் புன்னகைத்துவிட்டு நகரலாம்.

கண்ணில் படுவதையெல்லாம் வாங்காமல் ஏதாவது ஒரு கருப்பொருளை ஒட்டிச் சேர்ப்பதே நீடிக்கும். முதல் உலகப் போரின் நினைவாக 1967 முதல் 1969 வரை கோல்ட் வெளியிட்ட, எம்1911 வகையைச் சேர்ந்த நான்கு .45 கைத்துப்பாக்கிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: ஷாட்டோ தியரி, பெல்லோ வுட், இரண்டாம் மார்ன் போர், மியூஸ்-ஆர்கோன். ஒவ்வொன்றிலும் சாதாரணப் பதிப்பு 7,400; அதற்கு மேல் மிகச் சில உயர்பதிப்புகள். எம்1911 கைத்துப்பாக்கி அந்தப் போர்க்களங்களில் அமெரிக்கப் படையினர் இடுப்பில் உண்மையாகவே இருந்தது என்பதால், துப்பாக்கிக்கும் அது நினைவுகூரும் நிகழ்ச்சிக்கும் இயல்பான உறவு இருக்கிறது. நான்கையும் ஒரே வரிசை எண்ணோடு சேர்ப்பது சேகரிப்பாளர்களின் கனவு. அப்படி அமைந்த தொகுதியைப் பிரித்து விற்பவர் தன் பணத்தைத் தானே குறைத்துக்கொள்கிறார். மாறாக, பேருக்கு ஒரு படத்தை ஒட்டிவிட்டு, எந்தத் தொடர்பும் இல்லாத துப்பாக்கியை ஒரு பெரிய மனிதரின் நினைவு என்று விற்பவையும் உண்டு. அவற்றுக்குக் காலம் கடந்தபின் ஆள் கிடைப்பதில்லை.

கருப்பொருளைத் தேர்ந்த பிறகு, அதற்குச் சந்தை எங்கே என்றும் பார்க்க வேண்டும். டெக்சஸ் ரேஞ்சர் (அந்த மாநிலக் காவல் படை) நினைவுப் பதிப்பு டெக்சஸில் போகும் விலைக்கு மெய்ன் மாநிலத்தில் போகாது. வாங்குகிறவருக்கு இது அனுகூலம்: தொலைவான ஊரில் மலிவாகக் கிடைப்பதை வாங்கலாம். கேட்கும் விலையை நம்பாமல், ஏல நிறுவனங்களின் பழைய பட்டியல்களில் உண்மையாக முடிந்த விலைகளைத் தேடிப் படிப்பது, ஆண்டுதோறும் வெளிவரும் விலைக் கையேட்டை மட்டும் நம்புவதைவிட மேலானது. ஒக்லஹோமாவின் டல்சா நகரில் ஆண்டுக்கு இரு முறை நடக்கும் துப்பாக்கிக் கண்காட்சியில் 4,000க்கும் மேற்பட்ட மேசைகள் போடப்படுகின்றன. அத்தகைய இடத்தில் ஒரே பதிப்பைப் பல மேசைகளில் பார்க்க நேரும்போதுதான், அது எவ்வளவு சாதாரணம் என்பது புரியும்.

கையில் எடுத்துப் பார்ப்பது

முதலில் விற்பவரிடம் அனுமதி கேளுங்கள். எடுத்தவுடன் குழலைப் பாதுகாப்பான திசையில் திருப்பி, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். லீவரையோ (தோட்டாவை ஏற்றும் நெம்புகோல்) ஹேமரையோ (தோட்டாவை வெடிக்கச் செய்யும் சுத்தியல்) இயக்குவதற்கு முன்னால் மறுபடியும் கேளுங்கள். இயக்கப்படாத துப்பாக்கி என்று ஒருவர் பல ஆண்டு பாதுகாத்ததை நீங்கள் ஒரே இழுப்பில் இயக்கப்பட்டதாக மாற்றிவிடக்கூடும். ஒவ்வொரு முறையும் ஹேமரைக் கையால் இழுத்துவிட்டுச் சுட வேண்டிய பல சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்களில் ஹேமரை அசைக்க முடியாதபடி ஒரு கட்டு போட்டிருப்பார்கள். அதைத் தொடவே கூடாது.

‘சுடப்படாதது’ என்ற சொல்லுக்குத் தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு சுடப்படாதது என்றே பொருள். சோதனைக்காகத் தொழிற்சாலையிலேயே சில தோட்டாக்கள் சுடுவது வழக்கம். ரிவால்வரில் தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டரைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடியிருந்தால், அது பலமுறை சுழற்றப்பட்டிருக்கிறது என்று அறியலாம். சிலிண்டரின் முகப்பில் தோட்டா அறைகளைச் சுற்றிக் கருமை படர்ந்திருந்தால் சுடப்பட்டிருக்கிறது. லீவர் துப்பாக்கியில் குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டின் மேற்பரப்பையும், தோட்டாவைத் தூக்கித்தரும் பகுதியையும், லீவரின் உள்விளிம்பில் பொன்முலாம் தேய்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். கார்பைன்களின் இடப்பக்கத்தில் சேணத்தில் மாட்டுவதற்கான வளையம் ஒன்று தொங்கும். துப்பாக்கியைத் தூக்கும்போதெல்லாம் அந்த வளையம் ஊசலாடி, முலாம் பூசிய ரிசீவரில் (இயங்கும் பாகங்களைத் தாங்கும் உலோக உடலில்) வில் வடிவத்தில் ஒரு கீறலை உண்டாக்கும். ஒரு தோட்டாகூடச் சுடப்படாத துப்பாக்கியிலும் இந்தக் கீறல் இருக்கலாம். விளம்பரப் படங்களில் பெரும்பாலும் வலப்பக்கத்தை மட்டும் காட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அலங்காரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பது அவசியம். உளி பிடித்துக் கையால் செதுக்கிய கோடு ஓரிடத்தில் அகன்றும் ஓரிடத்தில் குறுகியும், வெட்டிய சரிவுகள் பளபளத்தும் இருக்கும். உருளையால் அழுத்திப் பதித்த வேலையில் ஆழம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும். அமிலத்தால் அரித்த வேலையின் அடித்தளம் தட்டையாகவும் மங்கலாகவும் தெரியும். விலைகுறைந்த பதிப்புகள் பெரும்பாலும் உருளையாலும் அமிலத்தாலும் ஆனவை. அதில் குற்றமில்லை, கைவேலைக்கான விலையைக் கேட்காதவரை. கட்டையில் பதித்த பதக்க வில்லையைச் சுற்றி மரம் சுருங்கி இடைவெளி விட்டிருக்கிறதா, விரிசல் ஓடியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

வின்செஸ்டர் பதிப்புகளில் இன்னொரு நுட்பம் உண்டு. 1964இல் அந்த நிறுவனம் செலவைக் குறைக்க உற்பத்தி முறையையே மாற்றியது; மாடல் 94இன் நினைவுப் பதிப்புகளில் பெரும்பாலானவை அந்த மாற்றத்துக்குப் பிறகு வந்தவை. அக்காலத்து ரிசீவர் உலோகத்தில் வழக்கமான புளூயிங் (எஃகுக்கு நீலக் கருமை தரும் வேதிப்பூச்சு) சரியாகப் பிடிப்பதில்லை என்பதால், பூச்சு தேய்ந்த ஒன்றை மலிவாக வாங்கிப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு பலிக்காது. எப்படியும், புதுப்பித்த நினைவுப் பதிப்பைச் சேகரிப்பாளர்கள் தொடுவதில்லை.

துப்பாக்கிக்குச் சமமாகப் பெட்டியும் தாள்களும் முக்கியம். வின்செஸ்டர் பதிப்புகள் ஸ்டைரோஃபோம் பெட்டியிலும், அதன்மேல் வண்ணம் அச்சிட்ட அட்டை உறையிலும் வந்தன. அட்டை உறையில் உள்ள வரிசை எண்ணும் துப்பாக்கியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். முன்னெழுத்துகளும் பேசும்: பஃபலோ பில் பதிப்பில் எண்ணுக்கு முன் வரும் ‘டபிள்யூ.எஃப்.சி.’ வில்லியம் எஃப். கோடி என்ற அவரது இயற்பெயரைக் குறிப்பது. பெட்டி இல்லாத துப்பாக்கியை வாங்கிவிட்டு, பிறகு பெட்டியைத் தனியே தேடிக்கொள்ளலாம் என்பவர்கள் உண்டு. பெட்டி கிடைக்கவும் செய்யும், ஆனால் எண் பொருந்தாது. கோல்ட் துப்பாக்கியாக இருந்தால் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்திலிருந்து, அந்த வரிசை எண் எந்த உருவில் யாருக்கு அனுப்பப்பட்டது என்று சொல்லும் கடிதத்தைக் கட்டணம் செலுத்திப் பெறலாம். விலை உயர்ந்த பதிப்பென்றால் அந்தச் செலவைத் தயங்காமல் செய்ய வேண்டும்.

சட்டம்

அலங்காரம் எவ்வளவு இருந்தாலும் அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் இது துப்பாக்கியே. உரிமம் பெற்ற வணிகரிடம் வாங்கும்போது 4473 என்ற படிவத்தை நிரப்பிப் பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டும். வேறு மாநிலத்தில் உள்ளவரிடம் வாங்கினால், பொதுவாக உங்கள் மாநிலத்து உரிம வணிகர் ஒருவருக்கு அனுப்பச் செய்து அவர் வழியாகப் பெற வேண்டும். இங்கேதான் சேகரிப்பாளர்களுக்கென்று உள்ள ‘கியூரியோ அண்ட் ரெலிக்’ உரிமம் உதவும். மூன்றாண்டுக்கு 30 டாலர் கட்டணத்தில் கிடைக்கும் இந்த உரிமத்தைக் கொண்டு, 50 ஆண்டு கடந்து மூல உருவம் மாறாமல் இருக்கும் துப்பாக்கிகளையும், துப்பாக்கி உரிமங்களைக் கவனிக்கும் கூட்டரசு முகமை தன் பட்டியலில் சேர்த்திருக்கும் பல நினைவுப் பதிப்புகளையும் மாநில எல்லை கடந்து நேரடியாகப் பெறலாம். 1960களின் பதிப்புகள் எல்லாம் இப்போது வயதாலேயே தகுதி பெற்றுவிட்டன. வாங்கியதையும் விற்றதையும் பதிவேட்டில் எழுத வேண்டும். இந்த உரிமத்தை வைத்து வியாபாரம் செய்யக் கூடாது. மாநிலச் சட்டங்கள் இதற்கு மேல் தனித்தனியாக உண்டு; சில மாநிலங்கள் மிகக் கடுமையானவை.

தற்காலிகப் பணி விசாவிலோ மாணவர் விசாவிலோ அமெரிக்காவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூட்டரசுச் சட்டப்படி, குடியேற்றமல்லாத விசாவில் உள்ளே வந்தவர் துப்பாக்கி வைத்திருப்பதே பொதுவாகக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. நிரந்தரமாக வசிக்கும் உரிமை தரும் அட்டை (கிரீன் கார்டு) உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. சந்தேகம் இருந்தால் கண்காட்சி மேசையில் நிற்பவரிடம் கேட்காமல் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

சுடுவதா, வைத்திருப்பதா

இந்த வாதம் முடிவதில்லை. எண்ணிக்கை சிறியதாகவும், பெட்டியும் தாளும் முழுமையாகவும், ஒருமுறையும் இயக்கப்படாமலும் ஒன்று கிடைத்தால் அதை அப்படியே விட்டுவிடுவதுதான் அறிவு. முதல் தோட்டாவோடு அதன் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும். ஆனால் யாரோ ஏற்கெனவே சுட்டு, பெட்டியையும் தொலைத்துவிட்ட நினைவுப் பதிப்பு சாதாரணத் துப்பாக்கியின் விலைக்கே கிடைக்கும். அழகும் வேண்டும், வேட்டைக்கும் கொண்டுபோக வேண்டும் என்பவருக்கு அதைவிட நல்ல பேரம் இல்லை. சேகரிப்பாளர்கள் இதை ஏன் ஏளனமாகப் பார்க்கிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை. வாங்குவதற்கு முன் தோட்டா எது என்று மட்டும் பாருங்கள். .30-30 எங்கும் கிடைக்கும். ஆனால் 1981இல் வந்த நடிகர் ஜான் வெய்ன் பதிப்பு .32-40க்கும், அதற்கு முந்தைய ஆண்டின் ஆலிவர் வின்செஸ்டர் பதிப்பு .38-55க்கும் செய்யப்பட்டவை, அந்தத் தோட்டாக்களைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

பாதுகாப்பில் மிகப் பெரிய எதிரி ஈரம். அதற்கு அடுத்தது விரல்ரேகை. பருத்திக் கையுறையோ நைட்ரில் கையுறையோ அணிந்து எடுங்கள். வெறும் கையால் தொட்டிருந்தால் அன்றே துடைத்துவிடுங்கள். வியர்வையின் உப்பு, புளூயிங் செய்த எஃகில் சில நாளிலேயே துருப்புள்ளிகளை உண்டாக்கும். உள்ளே வெல்வெட் விரித்த மரப்பெட்டி காட்சிக்கு அழகு, ஆனால் துணியும் மரமும் ஈரத்தை உறிஞ்சித் துப்பாக்கியின் மேலேயே வைத்திருக்கும். தோலுறையும் அப்படியே, பதனிடுவதில் சேர்ந்த வேதிப்பொருள்கள் வேறு. ஆகவே நீண்ட காலத்துக்குத் துப்பாக்கியைச் சிலிக்கோன் தடவிய துணியுறையில் பூட்டிய பெட்டகத்தில் வைத்து, மூலப் பெட்டியைத் தனியாக வெயில் படாத இடத்தில் வைப்பது நல்லது. பெட்டகத்தில் சிலிக்கா ஜெல் பையையும், ஈரப்பதத்தைக் காட்டும் சிறு கருவியையும் போட்டு, 50 சதவீதத்துக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முலாம் பூசிய பகுதிகளை எந்தப் பாலிஷ் பசையாலும் தேய்க்க வேண்டாம். பொன்முலாம் மிக மெல்லியது. இரண்டு மூன்று முறை பளபளப்பாக்கினால் விளிம்புகளில் அடியிலுள்ள உலோகம் தெரியத் தொடங்கும். அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் மைக்ரோகிறிஸ்டலின் மெழுகை மென்துணியில் கொஞ்சமாகத் தொட்டுப் பூசினால் போதும். குழலில் செம்புப் படிவை நீக்கும் அமோனியா கலந்த கரைசல்கள் நிக்கல் முலாமை அரித்துவிடும். அவற்றை இந்தத் துப்பாக்கிகளின் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது.

சுவரில் மாட்டி அழகு பார்ப்பவர்கள், அது இயங்கும் ஆயுதம் என்பதை மறந்துவிடுகிறார்கள். குழந்தைகள் வந்துபோகும் வீட்டில் கண்ணாடிப் பெட்டி பூட்டு அல்ல. பூட்டிய பெட்டகமும், வேறிடத்தில் தனியாகப் பூட்டிய தோட்டாக்களும்தான் முறை.

வீட்டுக் காப்பீட்டில் துப்பாக்கித் திருட்டுக்குப் பெரும்பாலும் தாழ்வான உச்சவரம்பு ஒன்று இருக்கும். சேகரிப்பு அதைத் தாண்டினால் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும். அதற்காகவும் உங்களுக்குப் பின் வருபவர்களுக்காகவும், ஒவ்வொரு துப்பாக்கியின் வரிசை எண், வாங்கிய நாள், விலை, விற்றவர், பெட்டியும் தாள்களும் இருக்குமிடம், இருபக்கப் படங்கள் ஆகியவற்றை எழுதி, துப்பாக்கிகள் இல்லாத வேறோர் இடத்தில் ஒரு நகலை வையுங்கள். சேகரித்தவர் இறந்தபின் குடும்பத்தார் பெட்டிகளைக் குப்பை என்று எறிந்துவிட்டுத் துப்பாக்கிகளை மட்டும் முதலில் வந்தவருக்கு விற்பது அடிக்கடி நடக்கிறது. எந்தப் பெட்டி எந்தத் துப்பாக்கிக்கு உரியது, எந்தத் தொகுதியைப் பிரிக்கக் கூடாது, எந்த ஏல நிறுவனத்தை அணுக வேண்டும் என்ற மூன்றையும் அந்தப் பட்டியலின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.